மீன் மட்டும் இறைச்சி இல்லையா? தவக்காலச் சுத்தபோசனம் பற்றி ஓர் எளிய விளக்கம்

திருநீற்றுப் புதன் நெருங்கினால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பழைய சண்டை மறுபடி கிளம்பிவிடும். "தவக்காலத்தில் கறி சாப்பிடுவது பாவம்" என்று யாராவது ஒரு படத்தை அனுப்புவார்கள். "பைபிளில் எந்த அதிகாரம், எந்த வசனம்?" என்று பெரியப்பா மகன் உடனே கேட்பான். "மீனுக்கும் உயிர் இருக்கிறதே, அது மட்டும் எப்படி?" என்பது அத்தையின் கேள்வி. கடைசியில் எல்லாம் தெரிந்த ஒருவர் வருவார். "அந்தக் காலத்தில் மீன் வியாபாரம் படுத்துக்கிடந்தது. அதைத் தூக்கிவிட ஒரு போப் போட்ட சட்டம்தான் இது" என்று சொல்லி விவாதத்தை முடித்துவைப்பார்.

முதல் மூன்று பேரும் பாதி சரி. நான்காமவர் கிட்டத்தட்ட முழுக்கத் தவறு, ஆனால் அவர் சொல்வதற்குள்ளும் ஓர் உண்மைக் கதை ஒளிந்திருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

இந்த வழக்கத்தைக் கேள்வி கேட்பதில் தப்பே இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாகத் திருச்சபைக்குள் இருப்பவர்களே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் கேள்வி சரியான இடத்தில் விழ வேண்டுமென்றால், எதைக் கேள்வி கேட்கிறோம் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

## விதி உண்மையில் என்ன சொல்கிறது

தவக்காலம் என்பது திருநீற்றுப் புதனில் தொடங்கி, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டர்) முன் வரும் தயாரிப்புக் காலம். நாட்காட்டியில் திருநீற்றுப் புதனிலிருந்து புனித சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். அதில் ஞாயிறுகள் 6. ஞாயிறு எப்போதும் உயிர்ப்பின் நாள் என்பதால் அவற்றைக் கழித்துவிட்டு 40 என்பார்கள்.

இந்தக் காலத்துக்கு இரண்டு தனித்தனி விதிகள் உண்டு. பெரும்பாலான குழப்பம் இவை இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குவதால் வருகிறது.

ஒன்று, ஒருசந்தி. ஒரு நாளைக்கு ஒரே ஒரு முழுச் சாப்பாடு. காலையிலும் மாலையிலும் கொஞ்சம் ஏதாவது எடுத்துக்கொள்ளலாம். இது அளவைப் பற்றிய விதி.

இன்னொன்று, சுத்தபோசனம். இறைச்சியைத் தவிர்ப்பது. இது வகையைப் பற்றிய விதி.

இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்த கத்தோலிக்கர்களுக்கு, 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, ஒருசந்தி ஆண்டில் இரண்டே நாள்தான்: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. சுத்தபோசனம் அந்த இரண்டு நாட்களோடு எல்லா வெள்ளிக்கிழமைகளுக்கும் உண்டு. கவனியுங்கள், தவக்கால வெள்ளி மட்டுமல்ல, ஆண்டு முழுவதும் வரும் வெள்ளிகள். ஆனால் அந்தந்த நாட்டு ஆயர் பேரவை இறைச்சிக்குப் பதில் வேறு உணவைச் சொல்லலாம், அல்லது செபம், பிறரன்புச் செயல் என்று வேறு வகைத் தவத்தையே மாற்றாக வைக்கலாம். பல நாடுகளில் அப்படி மாற்றியதால்தான் "தவக்கால வெள்ளிக்கு மட்டும்தானே?" என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

வயது வரம்பும் உண்டு. சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஒருசந்தி 18 நிறைந்ததிலிருந்து 59-ஆவது பிறந்தநாள் வரை. நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. பெருவிழா (திருநாட்களிலேயே உயர்ந்த வகை) ஒன்று வெள்ளியில் விழுந்துவிட்டால் அன்று சுத்தபோசனமே கிடையாது. 2021-இல் மார்ச் 19, புனித யோசேப்பு பெருவிழா, வெள்ளிக்கிழமையில் வந்தது. மறு ஆண்டே மார்ச் 25, கிறிஸ்து பிறப்பின் அறிவிப்பு, அதுவும் வெள்ளியில் வந்தது. நடுத் தவக்காலத்தில் சட்டப்படியே இறைச்சி சாப்பிடக்கூடிய வெள்ளிகள் அவை.

கீழைத் திருச்சபைகளைச் சேர்ந்த கத்தோலிக்கர்களுக்குத் தனிச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. அவர்களுடைய மரபு பொதுவாக இதைவிடக் கண்டிப்பானது. அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

ஆக, 40 நாளும் இறைச்சி தொடக்கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. அப்படி இருப்பவர்கள் தாங்களாக விரும்பி ஏற்றது அது.

## ஒரு சொல் செய்த வேலை

நம் மொழியில் இந்த வழக்கம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதற்குப் பெரிய காரணம் அந்தப் பெயரேதான் என்பது என் எண்ணம். சுத்தபோசனம். சுத்தமான உணவு. அப்படியென்றால் இறைச்சி அசுத்தமா? கேட்கிறவருக்கு அந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இலத்தீனில் இதற்கு இருக்கும் சொல்லுக்கு 'விலகி இருத்தல்' என்றுதான் பொருள். அதில் சுத்தமும் இல்லை, தீட்டும் இல்லை. ஒன்றிலிருந்து கையை எடுத்துக்கொள்வது, அவ்வளவுதான். தமிழில் பெயர் வைத்தவர்கள் மரக்கறி உணவுக்கு ஏற்கெனவே இருந்த மதிப்பான சொல்லை எடுத்து ஒட்டிவிட்டார்கள். சொல் பழகிவிட்டது, அதோடு அதன் நிழலும் வந்துவிட்டது.

இறைச்சி அசுத்தம் என்பது திருச்சபையின் போதனை இல்லை என்பதற்குப் பெரிய ஆதாரம் எதுவும் தேட வேண்டாம். வெள்ளி இரவு 11.59-க்கு ஃபிரிட்ஜில் இருக்கும் அதே கோழி, இரண்டு நிமிடம் கழித்து யாருக்கும் பிரச்சினை இல்லை. அசுத்தமான பொருள் நள்ளிரவில் சுத்தமாகிவிடாது. மாறியது நாள் மட்டும்தான், கோழி இல்லை.

## கெட்டதை விடுவது நோன்பு இல்லை

அப்படியானால் எதற்குத்தான் விட வேண்டும்? துக்கம் நடந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். அன்று அங்கே யாரும் பாட்டுப் போடமாட்டார்கள், பளபளவென்று உடுத்தமாட்டார்கள். பாட்டு கெட்டது என்றா? இல்லை. பாட்டு கொண்டாட்டத்தின் அடையாளம், அன்று கொண்டாட்டம் இல்லை என்று சொல்ல அதை நிறுத்துகிறோம். ஒலிபெருக்கியின் மேல் யாருக்கும் கோபம் கிடையாது.

சுத்தபோசனத்தின் அடிப்படை இதுவேதான். வெள்ளி இயேசு சிலுவையில் இறந்த நாள். மனிதர்களின் நினைவில் நெடுங்காலமாக இறைச்சி என்பது விருந்துச் சாப்பாடு. கன்றை அடித்தால் அன்று ஊருக்கே விருந்து. காணாமல்போன மகன் உவமையிலும், மகன் திரும்பி வந்ததும் தந்தை சொல்வது கொழுத்த கன்றை அடிக்கத்தான். எனவே துக்க நாளில் விருந்து உணவை ஒதுக்கிவைத்தார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. கெட்ட பழக்கத்தை விடுவதற்குப் பெயர் திருந்துதல். அதை எந்த மாதமும் செய்யலாம், செய்யவும் வேண்டும். நோன்பு என்பது நல்ல ஒன்றை, உரிமையோடு அனுபவிக்கக்கூடிய ஒன்றை, கொஞ்ச நேரத்துக்குத் தள்ளிவைப்பது. "தவக்காலத்துக்காகப் பொய் சொல்வதை விட்டிருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், உயிர்ப்பு ஞாயிறன்று மறுபடி ஆரம்பிப்பாரா என்றுதான் கேட்கத் தோன்றும்.

மூன்றாவதாக, மிச்சமாவது. மரபில் செபம், நோன்பு, தர்மம் மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று இழைகள். 5-ஆம் நூற்றாண்டில் திருத்தந்தையாக இருந்த பெரிய லியோ தம் தவக்கால மறையுரைகளில் இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்: உன் தட்டில் குறைந்தது ஏழையின் தட்டுக்குப் போக வேண்டும். தட்டில் குறைத்து, பையில் சேர்த்துக்கொண்டால் அது சிக்கனம். நல்ல விஷயம்தான், ஆனால் நோன்பு அல்ல.

சுருக்கினால்: இறைச்சி நல்லது என்பதால்தான் அதை விடுகிறார்கள். துக்கத்தின் அடையாளமாக, ஆசைக்கு ஒரு சிறு கடிவாளமாக, மிச்சமானதைப் பிறருக்குக் கொடுப்பதற்காக.

## "பைபிளில் எங்கே இருக்கிறது?"

வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிடாதே என்ற வசனம் பைபிளில் இல்லை. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இருப்பவை வேறு.

இயேசு 40 நாள் பாலைவனத்தில் நோன்பிருந்தார். நோன்பிருக்கும்போது முகத்தைத் தொங்கப்போட்டு விளம்பரம் செய்யாதீர்கள் என்று சீடர்களிடம் சொன்னார். தானியேல் நூலின் 10-ஆம் அதிகாரத்தில், தானியேல் மூன்று வாரம் துக்கம் காத்தபோது இறைச்சியையும் திராட்சை இரசத்தையும் வாயில் வைக்கவில்லை என்று வருகிறது. துக்கமும் இறைச்சியைத் தவிர்ப்பதும் அங்கேயே கைகோத்து நிற்பதைப் பார்க்கலாம்.

எதிர்ப்பக்கம் காட்டப்படும் வசனங்களும் வலுவானவை. வாய்க்குள் போவது மனிதரைத் தீட்டுப்படுத்தாது என்கிறது மத்தேயு 15. சில உணவுகளை விலக்கச் சொல்கிறவர்களைக் கண்டிக்கிறது 1 திமொத்தேயு 4. கத்தோலிக்கரின் பதில் இது: அந்த வசனங்கள், உணவே தீயது என்று போதித்தவர்களுக்கு எதிரானவை. நாங்கள் அப்படிச் சொல்லவில்லை, சனிக்கிழமை நாங்களும் சாப்பிடுகிறோம். இந்தப் பதில் எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் "கறி சாப்பிட்டால் பாவம்" என்று மொட்டையாகப் படம் அனுப்புகிறவர் அந்த வசனங்களை எதிர்கொண்டுதான் ஆக வேண்டும்.

இங்கே ஒரு வேறுபாடு தெரிந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். இறைச்சட்டம் என்பது எந்தத் திருத்தந்தையாலும் மாற்ற முடியாதது: கொலை செய்யாதே, களவு செய்யாதே. திருச்சபைச் சட்டம் என்பது ஒரு சமூகம் சேர்ந்து வாழ்வதற்காகத் திருச்சபை வகுத்தது. அதைத் திருச்சபையே மாற்றலாம், தளர்த்தலாம், எடுத்தும் விடலாம். சாலையில் இடப்பக்கம் போவதா வலப்பக்கம் போவதா என்பதைப் போல. இடப்பக்கம் புனிதமானது என்று யாரும் சொல்வதில்லை, சில நாடுகளில் வலப்பக்கம்தான் விதி. அதற்காக, "இது வெறும் மனிதர் போட்ட சட்டம்தானே" என்று எதிர்த்திசையில் வண்டி ஓட்டவும் முடியாது. சுத்தபோசனம் இந்த இரண்டாம் வகை.

சாலை விதியைச் சாதாரணமாக யாருக்காகவும் தளர்த்தமாட்டார்கள், திருச்சபைச் சட்டத்தைத் தளர்த்துவார்கள் என்பது ஒரு வித்தியாசம். அதற்கு விலக்கு என்று பெயர். தகுந்த காரணம் இருந்தால் ஆயரோ பங்குத்தந்தையோ ஒருவரையோ ஒரு கூட்டத்தையோ விதியிலிருந்து விடுவிக்கலாம். 2017-லும் 2023-லும் புனித பேட்ரிக் திருநாளான மார்ச் 17 வெள்ளியில் வந்தது. அன்று உப்பிட்ட மாட்டிறைச்சி சாப்பிடுவது அமெரிக்காவில் ஐரிஷ் வழிவந்தவர்களின் வழக்கம். பல ஆயர்கள் விலக்குக் கொடுத்தார்கள், சிலர் கொடுக்கவில்லை. மறைமாவட்ட எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விதி, அந்தப் பக்கம் ஒரு விதி. இறைச்சட்டமாக இருந்தால் இதற்கு வழியே இல்லை.

## சரி, மீன் எப்படித் தப்பித்தது

அத்தையின் கேள்விக்கு வருவோம். இதற்கு விடை உயிரியலில் இல்லை, சொல்லில் இருக்கிறது.

தமிழில் "இன்றைக்கு வீட்டில் கறி" என்று ஒருவர் சொன்னால் மீன் என்று யாரும் நினைப்பதில்லை. கறிக்கடையில் போய் மீன் கேட்பவரும் இல்லை. மச்சம், மாமிசம் என்று தனித்தனியாகவே சொல்லி வைத்திருக்கிறோம். இலத்தீனிலும் அதே கதைதான். சட்டத்தில் வரும் 'காரோ' என்ற சொல் தரையில் வாழும் விலங்கு, பறவை ஆகியவற்றின் தசையைக் குறித்தது. மீனுக்கு வேறு சொல். சட்டம் எழுதியவர்கள் மீனுக்கு விலக்குக் கொடுக்கவில்லை. அவர்கள் மொழியில் மீன் அந்தச் சொல்லுக்குள் நுழையவே இல்லை. மீனுக்கு உயிர் உண்டா இல்லையா என்பது இங்கே கேள்வியே அல்ல, ஏனென்றால் இது கொல்லாமை நோன்பு அல்ல.

13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதற்கு ஒரு காரணம் சொன்னார். தரையில் வாழும் விலங்குகளின் உடல் மனித உடலுக்கு நெருக்கமானது, அதனால் அவற்றின் இறைச்சி அதிக இன்பமும் அதிக ஊட்டமும் தரும், அதிக இச்சையையும் கிளப்பும் என்றார். அந்தக் கால மருத்துவ அறிவு அது. இன்றைக்கு அதைத் தூக்கிக்கொண்டு வாதாட வேண்டிய அவசியம் இல்லை.

எல்லைக் கோடு எப்போதும் தெளிவாக இருந்ததுமில்லை. 5-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சோக்கிரட்டீஸ் (தத்துவஞானி அல்ல, கான்ஸ்டான்டிநோபிளைச் சேர்ந்த வேறொருவர்) தம் காலத்து நோன்புகளை வரிசைப்படுத்துகிறார். சிலர் உயிருள்ள எதையும் தொடுவதில்லை. சிலர் மீன் மட்டும். சிலர் மீனோடு பறவையும் சாப்பிடுகிறார்கள், ஏனென்றால் தொடக்கநூலின்படி பறவைகளும் தண்ணீரிலிருந்துதான் வந்தனவாம்! சிலருக்கு முட்டையும் பழமும்கூடக் கூடாது. சிலர் வெறும் ரொட்டி, சிலர் அதுவும் இல்லை. பறவையும் மீன் கணக்குத்தான் என்று முதலில் கண்டுபிடித்தவருக்கு அன்று நல்ல பசி இருந்திருக்க வேண்டும்.

இந்தச் சாமர்த்தியம் அதோடு நிற்கவில்லை. கனடாவில் பிரெஞ்சுக் குடியேறிகள் தண்ணீரில் வாழ்கிறது என்று நீர்நாயைப் போன்ற பீவரை மீன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். வெனிசுவேலாவில் கேப்பிபாரா என்ற பெரிய கொறிவிலங்கு இன்றும் தவக்கால உணவு. 2010-இல் நியூ ஆர்லியன்ஸ் பேராயர், முதலை இனத்தைச் சேர்ந்த அலிகேட்டரைத் தவக்கால வெள்ளியில் சாப்பிடலாமா என்று கேட்ட ஒருவருக்கு, சாப்பிடலாம், அது மீன் வகையில் சேரும் என்று கடிதமே எழுதினார். விலங்கியல் ஆசிரியர் தலையில் கைவைப்பார். ஆனால் இவை உடலமைப்பைப் பார்த்துப் பிரித்த வகைகள் அல்ல. தரை, தண்ணீர் என்று வாழிடம் பார்த்துப் பிரித்த பழைய வகைகள்.

முட்டை, பால், வெண்ணெய்? இன்றைய விதியில் தடையில்லை. விலங்குக் கொழுப்பில் செய்த தாளிப்பும் தடையில்லை. முன்பு அப்படி இல்லை. இடைக்காலத்தில் தவக்காலம் முழுவதும் முட்டையும் பாலும்கூடக் கூடாது. கோழிக்குத் தவக்காலம் தெரியாது, அது பாட்டுக்கு முட்டை இட்டுக்கொண்டே இருக்கும். 40 நாள் சேர்ந்த முட்டைகள் உயிர்ப்பு ஞாயிறன்று மேசைக்கு வரும். ஈஸ்டர் முட்டை வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம். 'கார்னிவல்' என்ற சொல்லின் வேரிலேயே இறைச்சியை அகற்றுதல் என்ற பொருள் இருக்கிறது. நோன்புக்கு முந்தைய கடைசி விருந்து அது.

## வெண்ணெய்க் கோபுரமும் சாசேஜும்

விலக்கு என்ற ஏற்பாடு நல்லதுதான். அதில் பணம் நுழைந்தபோதுதான் நாற்றமெடுத்தது.

வட ஐரோப்பாவில் ஒலிவ மரம் வளராது. அங்கே சமையலுக்கு வெண்ணெய்தான். தவக்காலத்தில் வெண்ணெய் கூடாது என்றால் தெற்கிலிருந்து வரும் எண்ணெயை வாங்க வேண்டும். எனவே காணிக்கை செலுத்தி வெண்ணெய் விலக்குப் பெற்றார்கள். பிரான்சில் ரூவான் பேராலயத்தில், 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டத் தொடங்கிய ஒரு கோபுரத்துக்கு இன்றும் வெண்ணெய்க் கோபுரம் என்றே பெயர். அதன் செலவில் அந்தக் காணிக்கைப் பணமும் சேர்ந்திருக்கிறது. ரோமில் இருப்பவர்கள் நோன்பைக் கேலி செய்துகொண்டு, தங்கள் செருப்புக்குக்கூடத் தடவாத எண்ணெயை நம்மைத் தின்னவைக்கிறார்கள், பிறகு வெண்ணெய் தின்னும் உரிமையை நமக்கே விற்கிறார்கள் என்று 1520-இல் திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் கொதித்தது இதைத்தான்.

இரண்டு ஆண்டு கழித்து, 1522 தவக்காலத்தில், சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் கிறிஸ்டோஃப் ஃப்ரோஷௌவர் என்ற அச்சுக்கூட உரிமையாளர் வீட்டில் சிலர் கூடினார்கள். வேலை கடுமை, வெறும் கூழில் உடல் தாங்காது என்பது அவர் வாதம். புகையில் உலர்த்திய இறைச்சிச் சாசேஜைத் துண்டுபோட்டுப் பகிர்ந்து சாப்பிட்டார்கள். அங்கே இருந்த பாதிரியார் உல்ரிக் ஸ்விங்லி மட்டும் சாப்பிடவில்லை. ஆனால் சில நாளில் மேடையேறி, உணவைத் தேர்ந்தெடுப்பது கிறிஸ்தவரின் சுதந்திரம் என்று மறையுரை ஆற்றினார். சுவிஸ் சீர்திருத்தம் அங்கிருந்துதான் தொடங்கியது என்பார்கள். அவர் மட்டும் ஏன் சாப்பிடவில்லை என்பதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். விதி பிழை என்று வாதாடுபவர், தன் நாக்குக்காக வாதாடுகிறார் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்க விரும்பவில்லை போலும்.

இப்போது அந்த மீன் வியாபாரக் கதை. மீன்பிடித் தொழிலுக்காக மீன் நாள் சட்டம் போட்டது உண்மையிலேயே நடந்திருக்கிறது. போட்டது போப் அல்ல, போப்பிடமிருந்து பிரிந்துபோன இங்கிலாந்து! 1548-இல் ஆறாம் எட்வர்ட் காலத்தில் ஒரு சட்டம். 1563-இல் முதலாம் எலிசபெத் காலத்தில் அமைச்சர் வில்லியம் செசிலின் முயற்சியில் வெள்ளி, சனியோடு புதனையும் சேர்த்து இன்னொரு சட்டம். மீனவர் இருந்தால்தான் மாலுமிகள் கிடைப்பார்கள், மாலுமிகள் இருந்தால்தான் கடற்படை. இது ஆன்ம மீட்புக்குத் தேவை என்று யாராவது பிரசாரம் செய்தால் தண்டனை என்றும் 1563 சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். ஆக, வாட்ஸ்அப் நண்பர் கதையைச் சரியாகத்தான் கேட்டிருக்கிறார், ஆளைத்தான் மாற்றிவிட்டார்.

வழக்கத்திலிருந்து வியாபாரம் பிறந்தது என்பது வேறு. 1962-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் மெக்டொனால்ட்ஸ் கிளை நடத்திய லூ க்ரோன், கத்தோலிக்கர் நிறைந்த பகுதியில் வெள்ளிதோறும் கடை காற்று வாங்குவதைப் பார்த்து மீன் பர்கரைக் கொண்டுவந்தார். நிறுவனத் தலைவர் ரே க்ராக் அன்னாசித் துண்டு வைத்த பர்கரை முன்வைத்தார். பெரிய வெள்ளியன்று இரண்டையும் விற்றுப் பார்த்ததில் மீன் 350, அன்னாசி 6.

## 1966-இல் என்ன மாறியது

1966 பிப்ரவரி 17-இல் திருத்தந்தை ஆறாம் பவுல், தவம் பற்றிய ஓர் அமைப்பு விதியை வெளியிட்டார். ஒருசந்தி நாட்கள் இரண்டாகச் சுருங்கின. வெள்ளி அப்படியே இருந்தது, ஆனால் எந்த வகைத் தவம் என்பதை நாட்டுக்கு ஏற்ப முடிவு செய்யும் உரிமை ஆயர் பேரவைகளுக்குப் போனது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க ஆயர்கள், தவக்காலத்துக்கு வெளியே வரும் வெள்ளிகளில் இறைச்சியைத் தவிர்ப்பது கட்டாயமில்லை, வேறு தவத்தைத் தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள்.

"வேறு தவத்தைத் தேர்ந்துகொள்ளலாம்" என்ற பகுதி மக்கள் காதில் விழவில்லை. "தவிர்ப்பது கட்டாயமில்லை" மட்டும் விழுந்தது. நம்மில் யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்போம். இதைப் பார்த்துத்தானோ என்னவோ, இங்கிலாந்து, வேல்ஸ் ஆயர்கள் இடையில் தளர்த்தியிருந்த வெள்ளிச் சுத்தபோசனத்தை 2011 செப்டம்பர் 16 முதல் மறுபடி கட்டாயமாக்கினார்கள். ஆளுக்கொரு தவம் என்றால் அது யார் கண்ணிலும் படாது, சீக்கிரம் மறந்தும் போகும். எல்லோரும் ஒரே நாளில் ஒரே பொருளை விட்டால் வீட்டுக் குழந்தைகூட ஏன் என்று கேட்கும். பொது விதியின் பக்கம் சொல்லக்கூடிய நல்ல வாதம் இது ஒன்றுதான் என்பேன்.

## நியாயமான கேள்வி எது

வரலாற்றைப் பார்த்தபின், "மீனுக்கு உயிரில்லையா?" வலுவான கேள்வியாகத் தெரியவில்லை. "பைபிளில் எங்கே?" என்பதும் திருச்சபைச் சட்டம் எது என்று தெரிந்தபின் பாதி கரைந்துவிடுகிறது. ஆனால் ஒரு கேள்வி அப்படியே நிற்கிறது. இறைச்சி விருந்து உணவாகவும் மீன் எளிய உணவாகவும் இருந்த உலகத்துக்கு எழுதிய விதி இது. இறைச்சி அன்றாடமாகி, நல்ல மீன் அதைவிட ஆடம்பரமாகிவிட்ட இடங்களில் விதி எதைச் சாதிக்கிறது? வெள்ளிக்கிழமை சிங்கி இறால் விருந்தில் உட்கார்ந்தவர் சட்டத்தை ஓர் எழுத்துகூட மீறவில்லை. அமெரிக்க ஆயர்களே, கடலுணவு விருந்தில் மூழ்குவது நோக்கத்தைத் தவறவிடுவது என்று சொல்ல வேண்டியிருந்தது. எசாயா 58-ஐ வாசித்தால் இந்தக் கேள்வி 2500 ஆண்டுப் பழையது என்று தெரியும். பசித்தவரோடு உணவைப் பகிர்வதே நான் விரும்பும் நோன்பு என்கிறார் அங்கே கடவுள்.

எனக்கே ஒருமுறை நடந்தது. தவக்கால வெள்ளி ஒன்றில் அலுவலகக் கூட்டம். மேசையில் முக்கோணமாக வெட்டிய சாண்ட்விச் தட்டு. பேச்சு மும்முரத்தில் ஒன்றை எடுத்துக் கடித்தேன். இரண்டாவது கடியில்தான் வெள்ளரித் துண்டுக்கு அடியில் கோழி நார் பல்லில் பட்டது. வாயில் இருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று புரியாமல் ஒரு விநாடி அப்படியே இருந்தேன். "என்ன, நல்லா இல்லையா?" என்று கேட்டார் பக்கத்து நண்பர். ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு, மீதியைக் காகித நாப்கினில் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

பிறகு ஒரு குருவானவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "தெரியாமல் சாப்பிட்டதில் பாவம் எங்கே வந்தது? சரி, மீதிப் பாதியை என்ன செய்தாய்?"

"குப்பையில் போட்டுவிட்டேன், ஃபாதர்."

"அப்போ அதைத்தான் நீ பாவசங்கீர்த்தனத்தில் சொல்லணும்."

கடைசியாக ஒரு கேள்வி, அதுவும் அத்தையிடமிருந்து வந்ததுதான். பிறந்ததிலிருந்து இறைச்சியே சாப்பிடாதவர் சுத்தபோசனம் இருப்பது எப்படி? சட்டப்படி அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, ஆண்டுக்கு 52 வெள்ளியும் அவர் தானாகவே நிறைவேற்றிவிடுகிறார். அத்தை அந்த ரகம்தான், கறி வாசனையே ஆகாது. ஆனால் காபி இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. எனவே தவக்கால வெள்ளியில் அவர் காபியைத் தொடுவதில்லை. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, எந்தச் சட்டத் தொகுப்பிலும் இல்லை. மதியத்துக்கு மேல் அவருக்குத் தலைவலி வரும், அப்போது யாரும் அவரிடம் வாய்கொடுக்கமாட்டோம். சனிக்கிழமை காலை அவர் முதல் காபியைக் கையில் எடுத்து, குடிக்காமல் ஒரு நிமிடம் அதை முகர்ந்துகொண்டே உட்கார்ந்திருப்பார்.